மாப்பேணியை மூடியிருந்த இசைத்தட்டு

அக்கா,

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உங்கள் பாட்டு மறுபடியும் இசைத்தட்டில் வரும், தாடி வைத்த வெள்ளைக்காரப் பெடியள் அதைத் தலையாட்டிக் கேட்பார்கள், உங்கள் சொந்தப் பெயர் அதில் பெரிய எழுத்தில் நிற்கும் என்று ஒவ்வொன்றாக விரல் மடித்துச் சொன்னேன். நீங்கள் அப்போது இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தீர்கள். "தள்ளி நில்லடா, உரலுக்குள்ளை உன்ர புளுகு விழப்போகுது" என்றீர்கள். அதற்கு வேறு சாட்சி இல்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

நேற்றுத் தபாலில் அது வந்தது. சதுரமான, தட்டையான பொதி. வாசலில் சாத்தியிருந்ததைக் கண்டு என் மனிசி, "ஆரப்பா பீட்சா ஓடர் பண்ணினது?" என்று கேட்டாள். பிரித்தபோது ஒரு மணம் வந்தது. புது மழைக்கோட்டை முதல்முதலாக விரிக்கும்போது வருமே, அந்த மணம். அட்டையில் நீங்கள். பத்தொன்பது வயது. தலையில் கோபுரம் போல ஒரு கொண்டை. கண்ணில் "என்னடா பாக்கிறாய்?" என்ற அதே பார்வை. படத்துக்குக் கீழே உங்கள் முழுப் பெயர், உங்கள் அப்பாவின் பெயரோடு சேர்த்து.

போட்டுக் கேட்க என்னிடம் மெஷின் இல்லை. அதனால் சாமி மாடத்தில் முருகனுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தேன். "உந்தக் கொண்டையோட நிக்கிற பொம்பிளையைக் கொண்டுபோய்ச் சாமிக்குப் பக்கத்திலை வைக்கிறியளே?" என்றாள் மனிசி. "முருகனுக்கு ஆளைத் தெரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் அவருடைய அப்பாவுக்குத் தேவாரம் பாடின ஆள்" என்றேன். என்னிடம் வாதாடி வென்ற ஆள் இந்தச் சிட்னி வென்ட்வேர்த்வில்லில் நீங்கள் ஒருவர்தான்.

வருகிற ஞாயிறு உங்களுக்கு முப்பத்தோராம் நாள். அன்றைக்குச் சாப்பாடு முடிய வந்த சனத்தின் கையில் கொடுக்கிற நினைவு மலருக்கு என்னையும் எழுதும்படி உங்கள் மகள் சுகந்தி தொலைபேசி எடுத்தாள். "அங்கிள், ஒன் பேஜ் காணும். அம்மாவைப் பற்றி ட்ரூவா மட்டும் எழுதுங்கோ, ப்ளீஸ்." அந்த 'மட்டும்' கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது. "பிள்ளை, நான் எப்ப பொய் எழுதினனான்?" என்று கேட்டேன். "ஒன் பேஜ், அங்கிள்" என்று மறுபடியும் சொல்லி வைத்துவிட்டாள்.

ஒரு பக்கத்துக்குள் உங்களை அடக்க முடியாது. மற்றவர்கள் அடக்கிவிடுவார்கள். எந்த நினைவு மலரைத் திறந்தாலும் ஒரே ஆள்தான் திரும்பத் திரும்பச் செத்துப் போயிருப்பார்: இன்முகம், விருந்தோம்பல், எல்லோரிடமும் அன்பு. உங்களுக்கு இன்முகம் எங்கே இருந்தது? நான் பக்கத்து யூனிட்டுக்குக் குடிவந்த அன்று கதவைத் தட்டி, "உம்மடை வான் என்ர யன்னலை மறைக்குது, எடும்" என்றதுதான் நீங்கள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. எட்டாம் வகுப்போடு நான் படிப்பை விட்டவன் என்று ஊரில் கதைப்பார்கள். உண்மையில் படிப்புத்தான் என்னை விட்டது. ஆனால் காது என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு நான் பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை.

அந்தக் காதுதான் உங்களைக் கண்டுபிடித்தது. கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமைப் பஜனை நடக்கும். நீங்கள் பாட, சனம் கைதட்டும். ஆனால் ஒவ்வொரு வரியிலும் சனத்தின் கை முதலில் விழும், அதன் பிறகு, சரியாக அரைத் தட்டுப் பிந்தி, உங்கள் குரல் வந்து உட்காரும், ஏதோ கதிரை வடிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருகிற ஆள் மாதிரி. மிருதங்கம் வாசிக்கிற தம்பி வங்கியில் வேலை, கணக்கில் கண்டிப்பு. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "அன்ரி, நீங்கள் எல்லா இடத்திலும் பிந்தி வாறியள்" என்றான்.

"நான் பிந்தேல்லைத் தம்பி. நீர் முந்திப் போறீர். போய் அங்கை நில்லும், நான் வாறன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இந்தக் குரல் தேவாரத்தோடு மட்டும் வளர்ந்த குரல் இல்லை என்று அந்த இடத்திலேயே, பிரசாதக் கடலை வாங்குகிற வரிசையில் நின்றபடி, எனக்குள் தீர்மானம் போட்டேன்.

பிறகு மா வறுத்த அந்த நாள். நீங்கள் மா வறுக்கும்போதெல்லாம் கூரையில் உள்ள புகை அலாரம் கத்தும். கத்தினால் நீங்கள் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவீர்கள், நான் ஓடிவந்து அதற்குக் காற்று விசிற வேண்டும். இது நமக்குள் இருந்த ஏற்பாடு. அன்றைக்கு வந்தபோது விசிறத் துவாய்த் துண்டு ஒன்றும் அகப்படவில்லை. குசினி மேசையில் இருந்த பெரிய பிஸ்கட் பேணிக்குள்தான் நீங்கள் வறுத்த மாவைப் போட்டு வைப்பீர்கள். அதன் மூடியைத் தூக்கிக் கதிரையில் ஏறி நின்று விசிறினேன். வட்டமான கறுத்த மூடி. நல்ல காற்று வந்தது. விசிற விசிற என் தலையில் மா கொட்டியது. அப்போதுதான் கண்டேன், மூடியின் நடுவில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. தாளின் நடு ஓட்டைக்கு நீங்கள் பிளாஸ்டர் போட்டிருந்தீர்கள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். மிஸ் வயலட், ஸ்டீமர்ஸ் குழுவினருடன். ரிதம் அண்ட் ப்ளூஸ். கொழும்பு.

"அக்கா, உது என்ன?"

"மூடி."

"மூடியிலை பாட்டுப் பேர் கிடக்கு."

"அப்ப அது பாட்டு மூடி. விசிறடா, கீழ்வீட்டு ஆக்கள் பயர் எஞ்சினைக் கூப்பிடப் போகினம்."

அலாரம் அடங்கியது. நான் கதிரையை விட்டு இறங்கவில்லை. "வயலட் ஆர்?" என்று மேலே நின்றபடியே கேட்டேன். நீங்கள் அடுப்பை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். தலை, புருவம், மீசை எல்லாம் மாவோடு நின்ற ஆளிடம் பொய் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லையாக்கும். "நான்தான்" என்றீர்கள்.

அன்றைக்குக் குசினியில் பிளேன்ரீ ஊற்றித் தந்தபடி எல்லாம் சொன்னீர்கள். அப்பா கொழும்பில் ரெயில்வே கிளார்க். நீங்கள் தட்டச்சுப் பழக ரைப்பிங் வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஞாயிறு பின்னேரங்களில் ஒரு ஹோட்டலில் நடக்கும் நடனத்துக்குப் பாடப் போனீர்கள். கிற்றார் வாசித்த மேர்வினும், சாக்ஸபோனும் டிரம்ஸும் வாசித்த மற்ற இரண்டு பேரும் ஐரோப்பியக் கலப்புள்ள பறங்கிப் பெடியள். துறைமுகத்தில் கப்பற்காரர் விட்டுப் போகிற அமெரிக்க இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு அந்தப் பாட்டைப் பிடித்தீர்கள். இலங்கையில் அப்போது வானொலியில்கூட அந்த மாதிரிப் பாட்டு அபூர்வம். "கறுத்த சனத்தின்ர பாட்டடா அது. நாள் முழுக்க வேலை செய்து களைச்சு வந்து, அழாமல் இருக்கிறதுக்காகக் காலைத் தட்டுறது. உது எனக்கு விளங்காதே?" என்றீர்கள். பிந்தி வருவதற்கும் விளக்கம் தந்தீர்கள்: "மேளம் முன்னாலை போகட்டும். நீ அவசரமில்லாத ஆள் மாதிரிப் பின்னாலை வா. அப்பத்தான் சனம் திரும்பிப் பாக்கும்." மேர்வினுக்கு மட்டும் அது பிடிக்காதாம். ஒவ்வொரு ஒத்திகையிலும் "லேட்!" என்று கத்துவானாம்.

மூன்று வருடம் கழித்து அப்பா ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து, "பிள்ளை, இதை ஒருக்கால் ரைப் அடிச்சுத் தா" என்று மேசையில் வைத்தாராம். மூன்று வருடம் ரைப்பிங் படித்த பெட்டைக்கு 'ஏ' எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. நான் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கால் வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. அப்பா அடிக்கவில்லையாம், கத்தவில்லையாம். "பாடு. ஆனால் என்ர பேர் அதிலை வரக் கூடாது" என்றாராம். இசைத்தட்டில் நீங்கள் மிஸ் வயலட் ஆனது அப்படித்தான். ஒரே ஒரு தட்டு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பாட்டு.

அதோடு முடிந்தது. ஸ்டீமர்ஸ் மூன்று பேரும் குடும்பத்தோடு மெல்பேர்னுக்குக் கப்பல் ஏறினார்கள். அந்தக் காலத்தில் அவுஸ்திரேலியா ஆளின் நிறம் பார்த்து உள்ளே விட்ட நாடு. அவர்கள் வெள்ளை என்று சொல்லக்கூடிய அளவுக்கு வெளிறி இருந்தார்கள். நீங்களும் விண்ணப்பம் போட்டீர்கள். "அந்த ஒபிசர் பைலைத் திறக்கவே இல்லை. என்ர முகத்தைத்தான் வாசிச்சவர்" என்றீர்கள். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு, கணவனோடும் கைக்குழந்தை சுகந்தியோடும் அதே நாடு உங்களை அகதியாக எடுத்தபோது, அந்த இசைத்தட்டு சூட்கேசின் அடியில் கிடந்தது. வந்த வழியில் மாப்பேணியின் மூடி தொலைந்துவிட்டது. "அளவாய் இருந்தது இது ஒண்டுதான்" என்று சொல்லி என் கையிலிருந்து வாங்கிப் பேணியை மூடினீர்கள். "உன்ர வாயையும் மூடு."

பேணியை மூடினீர்கள். என் வாய் அளவுக்கு இசைத்தட்டு இன்னும் வரவில்லை.

அடுத்த முறை மா வறுத்தபோது மூடியில் இருந்த சிவப்புத் தாளைப் படம் எடுத்து, பழைய பாட்டுச் சேர்க்கிறவர்களின் பேஸ்புக் பக்கத்தில் போட்டேன். நான் நினைத்தபடியே நடந்தது. மெல்பேர்னிலிருந்து மேகன் என்ற வெள்ளைக்காரப் பிள்ளை எழுதினாள். மறந்துபோன பழைய பாட்டுகளைப் புதிதாக இசைத்தட்டுப் போடுவது அவளுடைய வேலை. மேர்வினின் குடும்பத்திடமிருந்து ஸ்டீமர்ஸ் குழுவின் ஒலிநாடாக்களை வாங்கிவைத்திருக்கிறாளாம். மிஸ் வயலட் என்று பாடியவர் உண்மையில் யார் என்றுதான் தெரியவில்லையாம். மேர்வினுக்கு ஞாபகம் போய்விட்டதாம். மற்ற இரண்டு பேரும் உயிரோடு இல்லை. பாடகி இளம் வயதிலேயே இறந்துவிட்டாள் என்று குடும்பத்தில் யாரோ சொன்னார்களாம்.

இதில்தான் நான் ஒரு சின்னப் பிழை விட்டேன். உள்ளதை உள்ளபடி எழுத உட்கார்ந்தேன், அக்கா. எழுதிப் பார்த்தால் மெலிந்துபோய்க் கிடந்தது. ஒரு இசைத்தட்டு, இரண்டு பாட்டு, ரைப்பிங் வகுப்பு. கலியாண வீட்டில் இலையில் இரண்டு கறி மட்டும் வைத்தால் சனம் என்ன சொல்லும்? அதனால் பக்கத்தில் கொஞ்சம் பரிமாறினேன். மகாராணி இலங்கைக்கு வந்தபோது நீங்கள் அவர் முன்னால் பாடினீர்கள் என்று எழுதினேன். அமெரிக்காவின் பெரிய பாடகர் ஒருவர் கொழும்பு விமான நிலையத்தில் உங்கள் குரலைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றினார் என்று எழுதினேன். முந்நூறு பாட்டு என்று எழுதினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு என்று திருத்தினேன், கணக்குச் சரியாக இருந்தால் நம்புவார்கள் என்று.

மேகன் எனக்கு எழுதிய பதில் மூன்று வரி: நீங்கள் சொல்வதில் ஒன்றும் பொருந்தவில்லை. அட்டையில் 'பாடகியின் உண்மைப் பெயர் தெரியவில்லை' என்றே போடப் போகிறோம். நன்றி.

சுகந்தி அன்று உங்களைப் பார்க்க வந்திருந்தாள். நான் கொடுத்த தொலைபேசியை வாங்கி, நான் எழுதினதையும் வந்த பதிலையும் உரத்து வாசித்தாள். பாதியில் நிறுத்தி, "அம்மா, யூ? மியூசிக் பாண்ட்லயா?" என்றாள். நீங்கள் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தீர்கள். நான் என் வாழ்க்கையில் மூன்று தரம் பயந்திருக்கிறேன். அது இரண்டாவது.

"அறுபது வருசமா ஒருத்தருக்கும் சொல்லாமல் வச்சிருந்தனான். ஒருத்தரும் என்னைப் பொய்க்காரி எண்டு சொன்னதில்லை. நீ ஒரு கிழமையிலை அதையும் செய்து போட்டாய்."

"அக்கா, நான் உங்கடை பெருமைக்காக..."

"என்ர பெருமை என்னட்டைக் காணும். உன்னட்டை இருந்து கடன் வாங்கேல்லை." கொஞ்ச நேரம் பேணியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு, "வானுக்குள்ளை பெற்றோல் கிடக்கே?" என்று கேட்டீர்கள்.

சுகந்தி மேகனுக்குத் தொலைபேசி எடுத்து, அங்கிள் எழுதினதில் மகாராணி, தொப்பி, முந்நூறு எல்லாவற்றையும் வெட்டிவிட்டு மிச்சத்தை வாசியுங்கள் என்று சொன்னாள். வெட்டின பிறகு மிஞ்சியது இரண்டு வரிதான். ஆனால் அந்த இரண்டு வரிக்கு மேகன், சரி, மேர்வின் இருக்கிற முதியோர் இல்லத்துக்கு வாருங்கள், கால் மணித்தியாலம் பார்ப்போம் என்றாளாம். கவனியுங்கள், வான் என்னுடையது.

சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்கு நான் ஏழு மணித்தியாலத்தில் ஓடுகிறவன். உங்களோடு பதினொன்று எடுத்தது. கோல்பர்னில் வழி தவறியதாகச் சொன்னீர்கள். அது தவறியதல்ல, உங்களுக்கு இடம் காட்டியது. கடைச் சாமான் ஏற்றுகிற வான் என்பதால் மிளகாய்த்தூள் மணத்துக்கு நீங்கள் தும்மிக்கொண்டே வந்தீர்கள். மடியில் பேணி. அதிலிருந்த மாவை வெளியே கொட்டிவிட்டு உள்ளே இசைத்தட்டைச் சரித்து வைத்து, மேலே சாப்பாட்டுத் தட்டு ஒன்றால் மூடியிருந்தீர்கள். முதல் தடவையாகப் பேணிக்குள் இசைத்தட்டு, வெளியே மூடி.

அல்பரி ஊர் தாண்டும்போது சொன்னீர்கள். "பேர் போடாட்டிலும் பரவாயில்லை. மேர்வினிட்டை ஒண்டு கேக்க வேணும்."

"என்ன அக்கா?"

"கப்பலடியிலை வச்சுச் சொன்னவன். 'போய் ஒரு மாதத்திலை எழுதுறன். அங்கை ஆரையும் பிடிச்சு உன்னை எடுப்பிக்கிறன். பாண்ட் உன்னோடதான்' எண்டு. தபால்காரன் வாற நேரம் ஒரு வருசம் படலையிலை நிண்டனான். ஏன் எழுதேல்லை எண்டு கேக்க வேணும்."

"அவரை நீங்கள்..." என்று நான் இழுத்தேன்.

"விசர்க்கதை கதைக்காதை. அவன் ஒரு மூஞ்சூறு மாதிரி. அவனை ஆர் பாத்தது? பாண்டடா. நானும் அதிலை ஒரு ஆளோ, இல்லாட்டிக் கப்பலிலை ஏத்தாமல் விட்டிட்டுப் போன சாமானோ எண்டு தெரிய வேணும். அவ்வளவுதான்."

அன்றிரவு ட்ருகனினாவில் என் மச்சான் வீட்டில் தங்கி, மறுநாள் காலை வெரிபீயில் உள்ள அந்த இல்லத்துக்குப் போனோம். மேகன் வாசலில் நின்றாள். கை இரண்டிலும் சித்திரமாய்ப் பச்சை குத்தி, கோயில் தூண் மாதிரி ஒரு பிள்ளை. உங்களுக்குக் கை கொடுத்தாள். எனக்குக் கொடுக்கும்போது கொஞ்சம் யோசித்தாள். நீங்கள் பேணியைத் திறந்து இசைத்தட்டைக் காட்டினீர்கள். அவள் முகம் வெளிறிவிட்டது. உலகத்தில் அவளுக்குத் தெரிந்து இரண்டாவது பிரதியாம் அது. கோடுகளுக்குள் என்ன வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டாள். "ரைஸ் ப்ளவர், ரோஸ்டட்" என்றீர்கள்.

ஆனால் இசைத்தட்டு வைத்திருக்கிறவர் எல்லாம் பாடியவர் ஆகிவிட முடியாது என்று அவள் பணிவாகச் சொன்னாள். நியாயம்தான். நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

மேர்வின் யன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். வடிவாகத் தலைவாரி, காதில் மெஷின். நீங்கள் போய் முன்னால் நின்றீர்கள். அவர் நிமிர்ந்து பார்த்து ஆங்கிலத்தில், "நேர்ஸ், தேநீர் எப்போது வரும்?" என்றார். மேகன் தன் மணிக்கூட்டைப் பார்த்தாள். நிலைமை கைவிட்டுப் போகிறதைக் கண்டு நான் குரலைச் சரிசெய்துகொண்டு, "மகாராணியார்..." என்று தொடங்கினேன்.

"வாயை மூடு. இண்டைக்கு ஒரு நாள் மட்டும்."

பிறகு மேகனிடம் திரும்பினீர்கள். அவளிடம் உள்ள ஒலிநாடாவில், இசைத்தட்டில் இடம் காணாது என்று வெட்டின ஒரு சரணம் மேலதிகமாக இருக்கிறதா என்று கேட்டீர்கள். அவள் மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டாள்.

நீங்கள் கைத்தடியால் தரையில் தட்டினீர்கள். நாலு தட்டு. பாடினீர்கள்.

எனக்கு அந்த ஆங்கிலம் பாதிதான் விளங்கியது. சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ்சுக்கு நிற்கிற ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. முதல் வரியில் குரல் கிழிந்தது. இரண்டாவது வரியில் அந்தக் கிழிசலே பாட்டாகிவிட்டது. தடி விழும், நீங்கள் வரமாட்டீர்கள். இல்லை, வரப்போவதில்லை என்று எல்லோரும் நினைக்கிற அந்த இடத்தில் வந்து உட்காருவீர்கள். பின்னல் பின்னிக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி ஊசியைக் கீழே வைத்தாள். வெட்டினதாகச் சொன்ன அந்தச் சரணத்துக்கு முன்னால் ஒரு மூச்சு விட்டீர்கள்.

"லேட்!" என்றார் மேர்வின். யன்னலைப் பார்த்தபடி, கோபமாக. "எப்போது பார்த்தாலும் லேட்!"

மேகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒலிநாடாவில், அதே இடத்தில், மேர்வினின் அதே குரலில், அதே வார்த்தை இருக்கிறதாம். அதை அவளைத் தவிர யாரும் கேட்டதில்லை. நீங்கள் நிறுத்தவில்லை. சரணத்தை முடித்தீர்கள். அந்த இல்லத்தில் எழும்பிய கைதட்டல் வெரிபீ ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். சரி, வாகனத் தரிப்பிடம் வரைக்கும் கேட்டது.

மேகன் பேனையும் தாளும் நீட்டினாள். உங்கள் பெயரை எழுதினீர்கள். கொஞ்சம் யோசித்து, அப்பாவின் பெயரையும் அதற்கு முன்னால் எழுதினீர்கள். "இனி ஆர் வந்து கேக்கப் போகினம்?" என்றீர்கள், என்னிடமா அவரிடமா என்று தெரியவில்லை.

அதன் பிறகு மேர்வினின் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். காது மெஷின் பக்கம் குனிந்து, மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டீர்கள். மேர்வின், நீ ஏன் எழுதவில்லை? அவர் உங்களை வெகுநேரம் பார்த்தார். "தேநீர் வந்துவிட்டதா?" என்றார். நீங்கள் அவருடைய சட்டையில் ஒட்டியிருந்த ரொட்டித் துகளைத் தட்டிவிட்டு, "வரும்" என்றீர்கள். எழுந்து பாத்ரூம் போனீர்கள். வெகுநேரம் வரவில்லை.

திரும்பி வருகிற வழியில் நீங்கள் கதைக்கவே இல்லை. போனது போய், பெயர் வந்துவிட்டதே, நான் ஒவ்வொரு ஊரிலும் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒரு லொறியை இடப்பக்கத்தால் முந்தினேன், அதற்கும் திட்டவில்லை. அதுதான் நான் பயந்த மூன்றாவது தடவை. அல்பரிக்கு இந்தப் பக்கம் வானை நிறுத்தி, பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தேன்.

"அக்கா, நீங்கள் பாத்ரூமுக்குப் போன நேரம் மேர்வின் எனக்கு ஒண்டு சொன்னவர்."

திரும்பிப் பார்க்கவில்லை.

"'வயலட்டுக்கு மூண்டு கடிதம் போட்டனான். மூண்டும் திரும்பி வந்தது' எண்டு."

நீங்கள் தேத்தண்ணியைக் குடித்து முடித்தீர்கள். "வேற என்ன சொன்னவன்?"

"வேற ஒண்டும் சொல்லேல்லை."

"ஏன் திரும்பி வந்ததாம்?"

"அது சொல்லேல்லை."

என் முகத்தை வாசித்தீர்கள். பைல் திறக்காத அந்த ஒபிசர் கூட அப்படி வாசித்திருக்கமாட்டான். கடைசியில், "உன்ர வாயாலை வந்ததிலை இது ஒண்டுதான் நம்பக்கூடிய மாதிரிக் கிடக்கு. மகாராணி இல்லை, தொப்பி இல்லை" என்றீர்கள். வான் வெளிக்கிட்டுப் பத்து நிமிடத்தில் உங்கள் கால் தாளம் தட்டத் தொடங்கியது. கண்டகாய் ஊர் வருவதற்குள், "லேனுக்குள்ளை ஓட்டடா, விசரா" என்று திட்டினீர்கள். எனக்கு உயிர் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருடமும் சில மாதமும் இருந்தீர்கள். மண்டபத்துச் சனம் உங்களைப் பாடச் சொல்லிக் கேட்டபோது, வெள்ளிக்கிழமை கோளறு பதிகத்துக்குப் பிறகு அந்தப் பஸ் பாட்டையும் பாடினீர்கள். மிருதங்கத் தம்பி முன்னால் போய் நிற்கப் பழகிக்கொண்டான். அட்டைப் படத்தை மேகன் தொலைபேசியில் அனுப்பியபோது ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். பெயரை விரலால் பெரிதாக்கிப் பார்த்தீர்கள். பிறகு, "கொண்டை ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது, ஒருத்தரும் சொல்லேல்லைப் பார்" என்றீர்கள்.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். நேற்று அட்டையின் பின்பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன், மத்தியானம் முழுக்க எடுத்தது. நீங்கள் மேகனுக்குச் சொன்ன வரலாறு. ரைப்பிங் வகுப்பு இருக்கிறது. கப்பல் இருக்கிறது. மகாராணி இல்லை. கடைசிப் பந்தியில், குழுவின் தலைவர் மெல்பேர்னிலிருந்து அவருக்கு மூன்று கடிதங்கள் எழுதினார், மூன்றும் திரும்பி வந்தன, அவரைக் குழு கைவிடவில்லை என்று அச்சில் போட்டிருக்கிறது. உங்கள் பெயர் எவ்வளவு பெரிய எழுத்தோ அவ்வளவு நிச்சயமாக.

சுகந்தி உண்மை மட்டும் எழுதச் சொன்னாள். என் வாழ்நாளில் ஆயிரம் சோடித்திருக்கிறேன், ஒன்றையும் ஒருவரும் நம்பியதில்லை, அதனால் ஒன்றும் எனக்குக் கனத்ததில்லை. நம்பப்பட்ட ஒன்றைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன். அது பொய் என்று தெரிந்துதான் நம்பினீர்களா என்று அந்த வானுக்குள் கேட்டிருக்கலாம். கேட்க எனக்குத் துணிவு இருக்கவில்லை.

மேர்வின் கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, அக்கா. நீங்கள் பாத்ரூமில் நின்ற அவ்வளவு நேரமும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது, தேநீரோடு பிஸ்கட்டும் வருமா என்றுதான்.